மூன்று பைகள், ஐந்து பொத்தான்கள்

லியோன் நகரை ஒட்டியுள்ள வில்லர்பானில், கால்வாய்க் கரையோரம் ஞாயிறுதோறும் கூடும் பழம்பொருள் சந்தைக்கு ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். வண்டியிலிருந்து இறங்கும் பெட்டிகளை வியாபாரிகள் பிரித்து அடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நல்ல துணிகள் கண்ணில் படும். வெயில் ஏறிய பிறகு மிஞ்சுவதெல்லாம் பீங்கான் தட்டுகளும் சட்டமிட்ட படங்களும்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரிக் காலையில், துருவேறிய உளிகளும் சாவிக்கொத்துகளும் பரப்பிக் கிடந்த ஒரு தார்ப்பாயின் ஓரத்தில், அந்தக் கருவிகளைச் சுற்றி எடுத்துவந்த கந்தலாக ஒரு நீலச் சட்டை கிடந்தது. விலை கேட்டேன். “அது விற்பதற்கில்லை முசியே, மூட்டை கட்டிவந்த துணி” என்றார் விற்றவர். ஐந்து யூரோவை நீட்டியதும், உளிகளுக்கு வேறொரு துணியைத் தேடிக்கொண்டு, அதை உதறி என் கையில் கொடுத்தார்.

வெட்டுப்படிவம் வரைவதும் மாதிரி தைப்பதும் என் தொழில். புதுச்சேரியில் என் தந்தையின் தையல் கடையில் காஜா எடுக்கப் பழகி, பிறகு பிரான்சுக்கு வந்து, பிறர் எண்ணிய உடைகளுக்குப் பதினோரு ஆண்டுகளாகப் படிவம் வரைந்துவருகிறேன். அந்த நீலச் சட்டையைக் கையில் வாங்கிய நாள்முதல், பழைய பிரெஞ்சு வேலையுடுப்பிலிருந்து இன்றைக்கு அணியத்தக்க ஓர் உடுப்பை எப்படி உருவாக்குவது என்ற கேள்வி என்னை விடவில்லை. அதைப் பார்த்து அப்படியே தைத்துவிடுவது எளிது. எந்தத் தையல்காரரும் ஒரு வாரத்தில் செய்துவிடுவார். அந்தச் சட்டையை வெட்டியவர் இன்று உயிரோடிருந்தால் எதை வெட்டியிருப்பார் என்று கண்டுபிடிப்பதுதான் கடினமாக இருந்தது.

பிரான்சில் இந்த உடுப்பை ‘ப்ளே து த்ரவாய்’ என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘வேலை நீலம்’ என்றுதான் பொருள். சட்டை என்ற சொல்லே அதில் கிடையாது, நிறமே உடுப்பின் பெயராகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் உழவரும் வண்டிக்காரரும் அணிந்தது முழங்காலை நோக்கி இறங்கும், தலைவழியாக மாட்டிக்கொள்ளும் ‘புளூஸ்’ என்னும் தொளதொளத்த அங்கி. பட்டறைகளும் இரயில் பாதைகளும் பெருகிய நூற்றாண்டின் பிற்பகுதியில், சுழலும் தண்டுக்கும் ஓடும் வார்ப்பட்டைக்கும் பக்கத்தில் அப்படிப்பட்ட தொளதொளப்பு ஆபத்தானது. துணியின் நுனியைப் பற்றினால் இயந்திரம் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். இடுப்புக்குச் சற்றுக் கீழே நின்று, மணிக்கட்டில் பொத்தானிட்டு அடங்கும் குட்டைச் சட்டையும் அதற்கேற்ற காற்சட்டையும் அங்கே நிலைபெற்றன. 1844இல் தொடங்கிய லியோனின் லஃபோன் நிறுவனமும், ‘வேலையுடுப்பு’ என்பதற்கான இரண்டு பிரெஞ்சுச் சொற்களின் முதலசைகளைச் சேர்த்துப் பெயரிடப்பட்டு 1927இல் பிறந்த வெத்ராவும் இன்றும் இருக்கின்றன. தொழிலுக்குத் தொழில் நிறமும் வேறுபட்டது. சுண்ணாம்பும் மாவும் புழங்கும் பெயிண்டர், பூச்சுக்காரர், ரொட்டி சுடுபவருக்கு வெள்ளை, தச்சருக்கும் கூரை வேய்வோருக்கும் பெரும்பாலும் கறுப்பு, மேற்பார்வையாளருக்குச் சாம்பல். எண்ணெய்க் கறையைத் தாங்கிக்கொள்ளும் நீலம் இயந்திர வேலைக்காரருக்கு உரியதாகத் தொடங்கி, நாளடைவில் ஏறக்குறைய எல்லாருக்கும் உரியதாயிற்று.

சட்டையைப் பிரிக்க எனக்கு மூன்று இரவுகள் பிடித்தன. பிளேடால் கிழித்துப் பிரித்தால் ஒரு மணி நேர வேலைதான். ஆனால் எந்தத் தையல் எதற்குப் பின் விழுந்தது என்ற வரிசை தெரிய வேண்டுமானால், தைத்தவர் முடித்த இடத்திலிருந்து அவர் தொடங்கிய இடத்துக்கு ஊசிமுனையால் பின்னோக்கி நடக்க வேண்டும். முதலில் கையில் வந்தது காலர். அதற்குத் தனியாக நிற்கும் பட்டி இல்லை; தட்டையாகத் தோளில் படியும் ஒரே துண்டு. கோட்டின் காலரைப் போல மார்பில் மடிந்து திறக்காமல், மேல் பொத்தான்வரை பூட்டினால் கழுத்தைச் சுற்றி மூடிக்கொள்ளும். அரத்தூளும் பொறியும் உள்ளே போகாது. முன்புறம் ஐந்து பொத்தான்கள். காஜாக்கள் சட்டைக்கு எடுப்பதுபோல நெடுக்கில் இல்லாமல் கிடைமட்டமாக இருந்தன. உடல் விரிந்து துணி இழுபடும்போது பொத்தான் காஜாவின் ஓரத்துக்கு நகர்ந்து நின்றுகொள்ளுமே தவிர, வெளியே நழுவாது. முதுகு நடுத்தையல் இல்லாத ஒரே துண்டு. உள்ளே லைனிங் கிடையாது. இருந்திருந்தால் கொதிநீர்ச் சலவை தாங்காது, ஒரே இரவில் உலரவும் செய்யாது. பக்கத் தையல்களும் கையிணைப்பும் ஒன்றன் விளிம்பை மற்றொன்று விழுங்குமாறு மடித்து இரட்டைத் தையலிட்டவை. ஆகவே உட்புறத்தில் எங்குமே நூல் பிரியும் ஓரம் இல்லை. சட்டையை உட்புறமாகத் திருப்பிப் போட்டாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு மூன்று பைகள். இடுப்பில் இரண்டு பெரியவை, இடது மார்பில் ஒன்று சிறியது. மூன்றும் மேலே ஒட்டித் தைத்தவை. கீழ் மூலைகள் வளைவாக வெட்டப்பட்டிருந்தன. இதை அழகுக்காகச் செய்தது என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். சதுர மூலையுள்ள ஒரு பையையும் வளைந்த மூலையுள்ள ஒரு பையையும் தைத்து, இரண்டிலும் மரத்தூளைப் போட்டு உதறிப் பார்த்த அன்றுதான் புரிந்தது. சதுர மூலையில் தூள் அடைந்து கல்லாகிவிடுகிறது, விரலை விட்டாலும் வருவதில்லை; வளைவிலோ ஒரே வழிப்பில் வந்துவிடுகிறது. அதோடு, கையை விட்டு அழுத்தும்போது சதுர மூலையில் ஒரே புள்ளியில் விழும் இழுவிசை வளைவில் பல தையல்களுக்குப் பங்காகிறது. பையின் வாய் தொடங்கும் இரண்டு முனைகளிலும் சிறு முக்கோணமாகத் தையல் ஓட்டப்பட்டிருந்தது. கிழிசல் எப்போதும் தொடங்கும் இடம் அதுதான் என்று அறிந்த ஒருவரின் கை அது. இப்படி ஒவ்வொன்றாகக் காரணம் தெரியத் தெரிய, அந்தச் சட்டையில் ‘வடிவமைப்பு’ என்று தனியாக எடுத்துக்காட்ட எதுவுமே இல்லாமல் போனது. கோடுகள் எல்லாமே ஏதோ ஒரு தொல்லைக்கு யாரோ சொன்ன பதில்களாக இருந்தன.

முன்பு அதை அணிந்தவரைப் பற்றியும் துணி சொல்லியது. வலது முழங்கையில் வேறொரு நீலத்தில் ஒட்டு. மார்புப்பையின் மேல், மடக்கு அளவுகோல் பல ஆண்டுகள் உரசியதால் வெளுத்த ஒரு நீண்ட செவ்வகம். காலரின் உட்புறத்தில், பொதுச் சலவையில் மாறிப்போகாமலிருக்கச் சிவப்பு நூலில் பின்னிய இரண்டு எழுத்துகள். இடது மணிக்கட்டைவிட வலது மணிக்கட்டுத் துணி மிகவும் தேய்ந்திருந்தது. வலக்கைக்காரரான ஒரு தச்சர் அல்லது பொருத்துநர். அவ்வளவுதான் தெரியும், அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

துணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வேலையுடுப்பைப் போலச் செய்ய முனையும் பெரும்பாலானவர்கள் தோற்பது அங்கேதான். என் சட்டை மோல்ஸ்கின் என்னும் பருத்தித் துணி. அகழெலியின் தோல்போல மென்மையாக இருப்பதால் வந்த பெயர். விலங்குத் தோலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நெசவு சாட்டின் வகை. சாதாரண நெசவில் ஊடை (குறுக்கு) இழை ஒரு பாவுக்கு (நெடுக்கு இழைக்கு) மேலே, அடுத்த பாவுக்குக் கீழே என்று மாறி மாறிப் போகும். இங்கே அது பல பாவுகளைத் தாண்டி மேலே மிதந்து, பிறகு ஒன்றன் கீழே நுழைகிறது. பின்னல் புள்ளிகள் குறைவதால் ஊடை இழைகளை ஒன்றையொன்று நெருக்கி மிக அடர்த்தியாகச் செலுத்த முடியும். அந்த அடர்த்தியால் காற்று எளிதில் புகாது. சாணைக்கல்லின் பொறி மேற்பரப்பில் சிக்காமல் வழுக்கி விழும். வெளிப்புறம் வழவழப்பாகவும் உட்புறம் லேசாகச் சுரண்டி மயிர்த்ததாகவும் இருப்பதால், லைனிங் இல்லாமலே உடலுக்கு வெதுவெதுப்பு கிடைக்கிறது. மடிப்போரத்திலிருந்து 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டி எடைபோட்டேன், 3.6 கிராம் இருந்தது. அதாவது சதுர மீட்டருக்கு 360 கிராம். இன்றைய சாதாரணச் சட்டைத் துணி அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

முதல் மாதிரியை நான் அதே எடையில் தைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அணிந்து பார்த்த நண்பர்கள் அனைவரும் பத்து நிமிடத்தில் கழற்றிவிட்டார்கள். சூடேற்றப்பட்ட அறைகளிலும் இரயில் பெட்டிகளிலும் நாளைக் கழிக்கும் இன்றைய மனிதருக்கு, குளிர்ந்த பட்டறையில் எட்டு மணி நேரம் நின்றவரின் துணி சுமையாகிவிடுகிறது. எடையைக் குறைத்தால் துணி தொய்ந்து, பைகள் தொங்கி, சட்டையின் வடிவமே குலைகிறது. 280, 300, 320 என்று மூன்று எடைகளில் தைத்து, 320இல் நின்றேன். அந்த எடையில் துணி இன்னும் தானாகவே நிற்கிறது. ஆனால் உட்காரும்போது முழங்கையை வெட்டுவதில்லை.

துணி வியாபாரி ஒருவர், இரண்டு விழுக்காடு எலாஸ்டேன் கலந்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இப்போதெல்லாம் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்களாம். நான் மறுத்ததற்குப் பழமைப் பற்று காரணமில்லை. இழுபடும் நூல் சேர்த்தால் சட்டையை எப்படி வெட்டினாலும் ஓரளவு பொருந்திவிடும். வெட்டுபவர் சோம்பேறியாவதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. பழைய சட்டையில் துணி சிறிதும் இழுபடாது, ஆனாலும் அத்தகைய சட்டையை அணிந்தவர்கள் கூரைமேல் ஏறி ஓடு மாற்றியிருக்கிறார்கள். எப்படி என்று பார்த்தால், விடை கையிணைப்பில் இருந்தது. கடையில் விற்கும் மெல்லிய கோட்டில் கையின் தலைப்பகுதி உயர்ந்து குறுகலாக வளைந்திருக்கும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது ஒரு மடிப்பும் விழாது, தூக்கினாலோ சட்டை முழுவதும் கூடவே ஏறும். வேலைச் சட்டையில் அந்த வளைவு தாழ்ந்து அகன்றிருக்கிறது, அக்குள் மட்டும் உடலுக்கு நெருக்கமாக உயரே வைக்கப்பட்டிருக்கிறது. கையைத் தொங்கவிடும்போது அக்குளருகே துணி சற்றுத் திரளும். தூக்கும்போது அந்தத் திரள்தான் விரிந்து கொடுக்கிறது. அளந்து பார்த்தேன். இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கியபோது என் கோட்டின் கீழ்விளிம்பு 9 சென்டிமீட்டர் ஏறியது, பழைய சட்டையின் விளிம்பு 4 சென்டிமீட்டர்தான்.

அந்தத் திரட்சியைப் பார்த்து, “கண்ணாடி முன்னால் நின்றால் மடிப்பு விழுகிறதே” என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள் என எனக்கு அறிவுரை கூறியவர்கள் உண்டு. சொல்லட்டும். கண்ணாடி முன் நிற்பதற்கான உடுப்பு வேறு, கை தூக்குவதற்கான உடுப்பு வேறு. இரண்டையும் ஒரே படிவத்தில் முழுமையாக அடக்க முடியாது என்பதை நான் இந்தச் சட்டையிடம்தான் ஏற்றுக்கொண்டேன்.

நீலத்தைப் பற்றி, புதுச்சேரிக்காரன் என்ற முறையில், சற்று உரிமையோடு பேசலாம் என்று நினைக்கிறேன். ஆலைச் சாயங்கள் வருவதற்கு முன் ஐரோப்பாவில் ஆழ்ந்த நீலம் என்றால் பெரும்பகுதி அவுரிதான். சோழமண்டலக் கரையில் அவுரியில் தோய்த்த நீலப் பருத்தித் துணியைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘கினே’ என்று அழைத்தார்கள். புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய கினே மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரையில் நாணயமாகவே புழங்கியது. அதைக் கொடுத்து வாங்கிய மரப்பிசின் பிரான்சுக்குப் போய், துணியில் அச்சிடும் சாயத்தைக் கெட்டிப்படுத்தப் பயன்பட்டது. எங்கள் கரையின் நீலம் பிரெஞ்சு நெசவுத் தொழிலின் அடிமடியில் அப்படித்தான் நுழைந்திருந்தது. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை அவுரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1901இல் அதே நிறுவனத்தின் வேதியியலாளர் ரெனே போன், அவுரியைவிடவும் வெயிலையும் சலவையையும் தாங்கும் இன்டான்த்ரீன் நீலத்தைக் கண்டுபிடித்தார். மலிவான, கெட்டியான நீலம் கிடைத்த பிறகு அதை மலிவான, கெட்டியான உடுப்பில் போடுவதற்குத் தடை இருக்கவில்லை. பழைய வேலையுடுப்புகளின் சீட்டுகளில் ‘கிரான் தேன்’ என்ற சொற்களைப் பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். நாம் கெட்டிச் சாயம் என்கிறோமே, அதுதான். 17ஆம் நூற்றாண்டில் பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர் சாயக்காரர்களைக் கெட்டிச் சாயக்காரர், லேசுச் சாயக்காரர் என்று இரு பிரிவாக்கிச் சட்டமிட்ட காலத்திலிருந்து வரும் சொல் அது.

கெட்டிச் சாயமும் வெளுக்கிறது. கொதிநீர்ச் சலவையிலும் தேய்ப்பிலும் மேற்பரப்பு இழைகள் உதிர, மடிப்போரங்களிலும் பை வாய்களிலும் முழங்கைகளிலும் நீலம் மெல்லக் கரைந்து பால்நிறமாகிறது. அவுரி இழையின் புறத்தோடு நின்று நடுவை வெள்ளையாகவே விட்டுவிடுவதால், அவுரியில் தோய்த்த துணியில் இது இன்னும் விரைவாக நிகழும். இந்த வெளுப்புதான் இன்றைய சந்தையில் எல்லாரும் விரும்பும் பொருள். அதைச் செயற்கையாக உண்டாக்க ஆலைகளில் வழிகள் உண்டு: நுரைக்கல்லோடு சேர்த்துச் சுழற்றுகிறார்கள், நொதிகளில் ஊறவைக்கிறார்கள், லேசர்க் கதிரால் முழங்கையைச் சுடுகிறார்கள். புத்தம்புதுச் சட்டையில் ஒட்டுப் போட்டு, பெயிண்ட் தெளித்து, சில நூறு யூரோவுக்கு விற்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

என் சட்டையில் அதைச் செய்யக் கூடாது என்று முதல் நாளே முடிவெடுத்தேன், நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அதில் தயங்கவில்லை. வெட்டு, நெசவு, தையல் ஆகியவை தொழிலறிவு. அவற்றை ஒரு தலைமுறையிடமிருந்து மற்றொரு தலைமுறை கற்றுக்கொள்வது இயல்பு. வெளுத்த முழங்கை அப்படியல்ல. அது ஒருவர் தம் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை கையை மடக்கினார் என்பதன் பதிவு. என் மேசைமேல் கிடக்கும் அந்த மடக்கு அளவுகோலின் வெள்ளைச் செவ்வகத்தைப் புதுத் துணியில் லேசரால் வரைவது, மற்றொருவரின் சம்பளச் சீட்டில் என் பெயரை எழுதிக்கொள்வதுபோல எனக்குத் தோன்றுகிறது.

இந்த உடுப்புக்குப் பிரான்சில் இருக்கும் மதிப்பை அறிந்தவர்களுக்கு இது மிகையாகப் படாது. கொமான்ட்ரி என்ற சுரங்க ஊரைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் திவ்ரியே, 1889இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, கறுப்புக் கோட்டுகள் நிறைந்த அவைக்குள் தம் நீல அங்கியோடுதான் நுழைந்தார். ‘அங்கி அணிந்த உறுப்பினர்’ என்பதே அவருடைய பெயராக நிலைத்தது. 1936இல் இடதுசாரிக் கட்சிகளின் கூட்டணியான மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தபோது நடந்த ஆலை வேலைநிறுத்தங்களின் முடிவில் வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையும் சட்டமாயின. அதே ஆண்டு ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை கேட்ட புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதை எங்கள் ஊரில் வளர்ந்த யாரும் மறப்பதில்லை. பாரிசில் ஒரு விலைக்குக் கிடைத்தது புதுச்சேரியில் வேறொரு விலைக்குத்தான் கிடைத்தது.

பட்டறைக்கு வெளியே இந்தச் சட்டையை அணியவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் புகைப்படக்காரர் பில் கன்னிங்ஹாம், 2016இல் மறையும்வரை பல்லாண்டுகள் மிதிவண்டியில் நகரைச் சுற்றிப் படமெடுத்தபோது அணிந்திருந்தது பாரிஸ் கடையொன்றில் மலிவாக வாங்கிய இதே நீலச் சட்டைதான். உலகின் விலையுயர்ந்த உடைகளையெல்லாம் படமெடுத்தவர் தமக்கு அதையே தேர்ந்தார். தோளில் உரசிக்கொண்டே இருக்கும் கேமராவுக்கு ஈடுகொடுக்கும், ஃபிலிம் சுருள்களை வைக்கப் பெரிய பைகள் இருக்கும், கிழிந்தால் வருத்தமில்லை. அவரும் அதை வேலைக்குத்தான் அணிந்தார்.

ஆகவே இன்றைய வேலை எது என்று பார்ப்பதே என் அடுத்த வேலையாயிற்று. இரண்டாவது மாதிரியை ஆறு பேரிடம் கொடுத்து, இரண்டு வாரம் அணிந்துவிட்டு, தொல்லை தந்த இடங்களில் சாக்பீசால் குறியிட்டுத் தரும்படி கேட்டேன். திரும்பி வந்தவற்றில் ஏறக்குறைய எல்லாக் குறிகளும் பைகளைச் சுற்றியே இருந்தன. பழைய மார்புப்பை அளவுகோலுக்கும் பென்சிலுக்கும் சிகரெட் பெட்டிக்கும் அளவெடுத்தது. 200 கிராம் எடையுள்ள கைப்பேசியை அதில் வைத்துக் குனிந்தால் முன்துணி முழுவதும் தொங்கி, ஒருநாள் கைப்பேசி சாக்கடையில் விழும். (விழுந்தது.) இடுப்புப் பைகள் நிற்பவரின் கைக்கு ஏற்ற உயரத்தில் இருந்தன, நாற்காலியிலோ வண்டியிலோ உட்கார்ந்திருப்பவருக்கு அவை தொடையின் மேல் மடிந்து வாய் மூடிக்கொள்கின்றன. அந்த நாளின் பொருத்துநர் நின்றார். இன்றைய நாளின் பாதி உட்கார்ந்தே கழிகிறது.

இடுப்புப் பைகளை 3 சென்டிமீட்டர் மேலே ஏற்றினேன். இடதுபுறப் பையைத் தைக்கும் அதே தையலில், உட்புறமாக இன்னொரு பையையும் பிடித்துத் தைத்தேன். கைப்பேசி இப்போது உடலோடு ஒட்டி, எடை இடுப்பருகே இறங்கி நிற்கிறது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு தையல்கூடக் கூடுதலாகத் தெரியாது. மார்புப்பையைச் சற்றுக் குறுக்கி, பேனாவுக்குத் தனி வழி விட்டேன். மிதிவண்டியில் முன்னோக்கிச் சாய்பவர்களுக்காக முதுகை மட்டும் 3 சென்டிமீட்டர் நீட்டினேன். முதுகில் பிளவு வைக்கலாமா என்று நெடுநாள் யோசித்து, ஒரே துண்டாகவே விட்டுவிட்டேன். அந்த அகன்ற, வெறுமையான நீலப் பரப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. இது ஒன்றுதான் காரணமில்லாமல், கண்ணுக்காக மட்டும் நான் எடுத்த முடிவு.

பெண்களுக்கான வெட்டு எனக்கு மிகவும் சிரமம் தந்தது. பழைய நிறுவனங்கள் இந்தச் சட்டையை ஆண் உடலுக்கே வெட்டின. ஆலைகளில் ஏராளமான பெண்கள் வேலை செய்தார்கள், ஆனால் அவர்களுக்கு அங்கியும் முன்புறம் கட்டும் ஏப்ரனும்தான். என் முதல் முயற்சி ஆண் படிவத்தைச் சுருக்கியது மட்டுமே. என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண் அதைப் போட்டுக்கொண்டு அலமாரியின் மேல்தட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணை, கையைத் தூக்கேக்க இரண்டாவது பொத்தானடியில இழுக்குது. சின்னனாக்கினா மட்டும் காணாது.” அவர் சொன்னது சரி. மார்பில் டார்ட் (துணியைக் கிள்ளித் தைக்கும் மடிப்பு) பிடித்தால் வேலையுடுப்பின் தட்டையான முன்புறம் போய்விடும். பிடிக்காவிட்டால் பொத்தான் இழுக்கும். முன்துண்டுக்கும் பின்துண்டுக்கும் நடுவே அக்குளுக்குக் கீழே தனியாக ஒரு பக்கத் துண்டைச் சேர்த்து, டார்ட்டில் போகவேண்டிய துணியை அந்த இரண்டு தையல்களுக்குள் பிரித்து மறைத்தேன். தையல்களில் ஒன்று இடுப்புப் பையின் அடியில் ஓடுகிறது. நான்கு மாதிரிகள் கழித்து அவர் மீண்டும் அலமாரியை எட்டினார். ஒன்றும் சொல்லாமல் அதைப் போட்டபடியே வீட்டுக்குப் போய்விட்டார்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சட்டையை வெட்டித் தைத்து, காஜா எடுத்து, பொத்தான் வைத்து முடிக்க எனக்கு நான்கு மணி நேரத்துக்குமேல் ஆகிறது. 2024 நவம்பரில் பிரான்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.88 யூரோவாக இருந்தது; அந்தக் கணக்கிலேயே தையல் கூலி மட்டும் 50 யூரோவை எட்டிவிடும். துணி, பொத்தான், வாடகை, வரி எல்லாம் அதற்குமேல்தான். தொழிலாளியின் உடுப்பைத் தழுவிய சட்டையைத் தொழிலாளி வாங்க முடியாது என்ற உண்மை என்னை உறுத்துகிறது. தைப்பவருடைய கூலியைக் குறைத்து அந்த உறுத்தலைப் போக்கிக்கொள்ள நான் ஆயத்தமாக இல்லை. சட்டை நீண்ட நாள் உழைக்க வேண்டும், கிழிந்தால் தைத்துத் தர வேண்டும் என்ற இரண்டைத்தான் என்னால் செய்ய முடிகிறது. ஒவ்வொரு சட்டையின் உள்மடிப்பிலும் அதே துணியில் ஓர் உள்ளங்கை அகலத் துண்டைத் தைத்து அனுப்புகிறேன், பிற்காலத்தில் ஒட்டுப் போடுவதற்காக.

முதலில் விற்ற சட்டைகளில் ஒன்றை மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ஒருவர் வாங்கினார். எட்டு மாதம் கழித்து, சென்ற அக்டோபரில், அதை ஒட்டுப் போடக் கொண்டுவந்தார். முழங்கை தேய்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். அது நன்றாகவே இருந்தது. தேய்ந்து நூல் தெரிந்தது வலது இடுப்புப் பையின் பின்பக்க ஓரம். ஏன் என்று கேட்டதற்கு அவர் ஒரு ஸ்பேனரை எடுத்துக் காட்டினார். வண்டியைத் தாங்கியில் ஏற்றிவைத்துவிட்டு ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அதை எடுத்து வைத்து எடுக்கிறார், ஒவ்வொரு முறையும் அதன் தலை பையின் பின்வாயில் உரசுகிறது. சட்டையின் உள்மடிப்பில் இருந்த துண்டைப் பிரித்து, அந்த வாயின்மேல் அரைவட்டமாக வைத்துத் தைத்தேன். அவர் போன பிறகு அட்டைப் படிவத்தை எடுத்து, வலதுபுறப் பையின் பின்வாயில் பென்சிலால் ஒரு முக்கோணம் வரைந்தேன். அடுத்த வெட்டில் அங்கே இரட்டைத் துணி வரும்.